தலை குனியாத வண்டி

மட்டாஞ்சேரி பசாரில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் வேறு எதில் அடித்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். முன் பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். குஜராத்தி சேட்டு, கொங்கணிக் கடைக்காரர், எங்கள் ராவுத்தர்மார், யாரைக் கேட்டாலும் இதே பாட்டுத்தான். வண்டி வாங்கிய கையோடு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, முன் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டி வருவார்கள். கைப்பிடியில் அந்த லீவர் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். அதில் மிளகு சாம்பிள் பையை மாட்டிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் மச்சானும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். எங்கள் ஆட்களில் கட்டினவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மிளகுத் தரகர். ஒரு கோடவுனில் சாம்பிள் எடுத்து இன்னொரு கோடவுனில் காட்டி, பேசி முடித்து, மறுபடியும் ஓடுவார். எழுபதுகளின் கடைசியில், கப்பல் வேலையை விட்டு வந்த ஒருவரிடமிருந்து கனத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். நான் மலைக்கு அந்தப் பக்கம் கம்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதுவரைக்கும் பஸ்ஸைத் தவிர வேறு எஞ்சின் எதிலும் உட்கார்ந்தது கிடையாது.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. பயப்படாத ஆம்பளைகள் எத்தனை பேர் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தார்கள் என்பதை பசாரில் விசாரித்தால் தெரியும். பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, வலது கையால் மச்சான் தோளையும் இடது கையால் சீட்டின் அடிக் கம்பியையும் பிடித்துக்கொள்வேன். வண்டி கிளம்பினால் வாயில் கலிமாதான். சாகப் போகிறவள் போல ஓதுகிறேன் என்று அவருக்குச் சிரிப்பு.

"ஏன் புள்ளே, மௌத்தாப் போறவ மாதிரி ஓதிட்டு வர்றே?"

"போனாலும் போவேன். நீங்க ரோட்டப் பாருங்க மச்சான்."

அவர் சிரிப்பு ஒரு மதியத்தோடு அடங்கியது. பசார் ரோட்டில் இரண்டு பக்கமும் லாரிகள் நிற்க, நடுவில் அரிசி மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று ஒரு சந்திலிருந்து திடீரென்று வெளியே வந்தது. மச்சான் காலால் பின் பிரேக்கை மிதித்தார். பின் சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. வால் பக்கவாட்டில் இழுக்க, நாங்கள் கோணிக்கொண்டே வழுக்கிப் போனோம். மூட்டையில் என் முழங்கால் உரச வண்டி நின்றது. சுமைக்காரர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலமே மச்சான் ஒருவரிடமும் சொல்லாமல் முன் பிரேக் கேபிளை இறுக்கிவிட்டு வந்தார்.

வண்டி இப்போது நின்றது. ஆனால் நிற்கிற விதம் எனக்குப் புதுப் பயமாக வந்து சேர்ந்தது. லீவரைப் பிடித்தவுடன் வண்டி மூக்கை சடக்கென்று தரையை நோக்கிக் குத்தும். பின் சீட்டு மேலே எழும்பும். என் விலா அவர் முதுகில் போய் மோதும். அதைவிட மோசம் வளைவு. காயலோரம் படகுத்துறைக்குத் திரும்புகிற இடத்தில், சாய்ந்துகொண்டே அவர் பிரேக்கைப் பிடித்தால், சாய்ந்திருந்த வண்டி நிமிர்ந்துகொண்டு நேராகத் தண்ணீரைப் பார்த்துப் போகும். அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப் போனது. மறுபடியும் என்று சொல்கிறேன். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது கலைந்தபோது இனி எனக்குப் பிள்ளை என்று ஒன்று இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அதனால் இந்த மூன்றாவது வயிற்றில் வளர வளர, சந்தோஷம் ஒரு பங்கு என்றால் பயம் மூன்று பங்காக வளர்ந்தது. இருமினால் பயம், தும்மினால் பயம். குடம் தூக்கமாட்டேன். படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவேன்.

வழக்கப்படி ஏழாம் மாதம் என்னைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். எறணாகுளத்து டாக்டரம்மா, மலைப்பாதையில் பஸ் ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலைச்சன் பிள்ளையைப் புருஷன் வீட்டில் பெறுவதா என்று இரண்டு பக்கத்திலும் முணுமுணுப்பு. முணுமுணுத்தவர்கள் யாரும் எனக்குப் பதிலாக வயிற்றைச் சுமக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் வருவதுதான் பெரும் பாடு. பஸ்ஸில் இடிப்பார்கள். படகில் போகலாம் என்றால் ஏறுகிற பலகை மழைக்காலத்தில் எழும்பித் தாழும். ஒரு தடவை கால் வைத்துவிட்டு நடுங்கிப்போய்த் திரும்பி வந்துவிட்டேன். ஆட்டோ போடுகிற குலுக்கலில் நல்ல மனுஷருக்கே குடல் இடம் மாறும். மிச்சம் இருந்தது மச்சானின் வண்டி. மெதுவாக ஓட்டுகிறேன் என்று சத்தியம் செய்தார். மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனாலும் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் அந்த மூக்குக் குத்தல் இருந்தது. வயிறு அவர் முதுகில் அழுந்தும்போது எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

"இந்த வண்டி தலையக் குனியாம நிக்கும்னா ஏறுறேன். இல்லாட்டி நடந்தே போறேன்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

என் மேல் உள்ள பிரியத்தில் மச்சான் வண்டியைத் தோப்பும்படி மீன்பிடித் துறைப் பக்கம் கொண்டுபோனார். அங்கே படகுகளின் டீசல் எஞ்சினை ரிப்பேர் செய்கிற பள்ளுருத்திக்காரர் ஒருவர் ஒழிந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளும் பார்ப்பார். பெரிய கைக்காரர் என்று பெயர். கடலுக்குள் நின்றுபோன எஞ்சினை உதைத்தே எழுப்பியவர் என்பார்கள். அவர் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் திறந்தார். உள்ளே ஒவ்வொரு ஸ்பிரிங் மேலும் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வெட்டி வைத்தார். உள்ளே இருந்த தண்ணி எண்ணெயைக் கொட்டிவிட்டு, படகு கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை ஊற்றி மூடினார்.

அதோடு விடாமல் வண்டியின் பின்னாலேயே வீட்டு வாசல் வரை வந்து, ஹேண்டிலைப் பிடித்து முழு பலத்தோடு அமுக்கிக் காட்டினார். வண்டி அசையவில்லை.

"இத்தா பேடிக்கண்டா. இனி ஈ வண்டி தல தாழ்த்தில்ல" என்றார். அக்கா பயப்படாதே, இனி இது தலையைத் தாழ்த்தாது.

எனக்கு அன்று அப்படி ஒரு நிம்மதி. அவருக்குச் சாயாவும் பழம்பொரியும் கொடுத்து அனுப்பினேன். மச்சானும் மார்பை நிமிர்த்திக்கொண்டார். அடுத்த வாரத்திலேயே பசாரில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வண்டிகளை அவரிடம் கொண்டுபோனார்கள்.

ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். முன்பெல்லாம் பள்ளம் வந்தால் வண்டி அமுங்கி எழும். இப்போது முன் சக்கரம் தட் தட் என்று ரோட்டைத் தட்டிக்கொண்டே போனது. மணிக்கட்டு வலிக்கிறது என்று மச்சான் ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டார். தலை குனியவில்லை அல்லவா, அது போதும் என்று இருந்தோம்.

இங்கே இடவப்பாதி என்று சொல்கிற ஜூன் மாத மழை பிடித்திருந்தது. டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். தோப்பும்படிப் பாலத்தில் ஏறி இறக்கத்தில் வரும்போது தூறல்தான். முன்னால் போன பஸ் நிறுத்தம் இல்லாத இடத்தில் யாரையோ ஏற்ற நின்றது. மச்சான் முன் பிரேக்கைப் பிடித்தார்.

வண்டி தலை குனியவில்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. நிமிர்ந்தபடியே இருந்தது. கைப்பிடி வழியாக ஒரு நடுக்கம் அவர் தோளுக்கு வந்து என் கைக்கும் வந்தது. முன் சக்கரம் இரண்டு துள்ளல் துள்ளிச் சுற்றாமல் நின்றுவிட்டது. அப்புறம் எங்களுக்கு அடியில் வண்டியே இல்லை. நான் ஈரத் தாரில் இடுப்பு பட விழுந்து, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் இழுபட்டுப் போனேன்.

வலி தெரியவில்லை. முழங்கை தோல் உரிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அப்போது இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் செருப்புக் கால்கள். யாரோ மச்சானைத் தூக்கினார்கள், யாரோ வண்டியை நிமிர்த்தினார்கள். எல்லோரும் என்னிடம் ஏதேதோ கேட்டார்கள். என் கை காத்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது உதைக்கவில்லை.

"அனங்குன்னில்லே?" என்று மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். அசையவில்லையா என்று. தலையை ஆட்டினேன். அவள்தான் ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டாள்.

டாக்டரம்மா மரக்குழலை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. குழலை ஒரு இடத்தில் வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். அவர் புருவம் சுருங்குவதைப் பார்த்தேன். அல்லாவே, இதையும் எடுத்துக்கொள்வதானால் என்னையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று கேட்டேன். மனதார அப்படித்தான் கேட்டேன்.

"உண்டு. துடிப்பு உண்டு" என்றார் கடைசியில்.

ஆனாலும் அசைவு திரும்பியது மறுநாள் விடியும்போதுதான். அதுவரைக்கும் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மச்சான் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் காலில் கட்டு.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து எனக்குக் கோபம் வந்தது. மச்சான் மழையைச் சொன்னார், பஸ்காரனைச் சொன்னார், ரோட்டில் கிடந்த டீசலைச் சொன்னார்.

"மழை போன மாசமும் பெஞ்சுது. பஸ்காரன் என்னைக்கும் அப்பிடித்தான் நிறுத்துவான். அந்தக் குழாயும் எண்ணெயும்தானே புதுசு?" என்றேன்.

"நீதானே புள்ளே தலை குனியக் கூடாதுன்னே?"

"நான் சொன்னா? ஓட்டுறவருக்குத் தெரிய வேண்டாமா?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மச்சான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டில் வண்டியைக் கழற்ற உட்கார்ந்தார். நான் நடையில் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். படகு எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி சொட்டச் சொட்ட, வடிவதற்குச் சாயங்கால அஸர் பாங்கு வரை ஆயிற்று. இரும்புத் துண்டுகளைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். பழைய மாதிரி மெல்லிசு எண்ணெயை ஊற்றி மூடிவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடியே ஹேண்டிலை அமுக்கினார். மூக்கு இறங்கியது, மெதுவாகத் திரும்பி எழுந்தது.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் விஷயம் பிடிபட்டது. பிரேக் பிடித்தால் எங்கள் எடை, வண்டியின் எடை எல்லாம் முன்னால்தான் பாயும். ஃபோர்க் இறுகியிருந்தாலும் பாயும், இளகியிருந்தாலும் பாயும். பிரேக் தட்டைப் பூட்டியிருப்பதே ஃபோர்க்கின் கீழ்க்காலில்தான். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற வேகம் முழுக்க அந்தக் காலுக்குத்தான் வரும். ஸ்பிரிங் அமுங்க இடம் இருந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக டயரில் போய் இறங்கும். டயர் மேடு பள்ளத்தை விடாமல் ரோட்டை அழுத்திக்கொண்டே போகும். அமுங்க விடாமல் கட்டிப்போட்டால் அதே பாரம் ஒரே அடியாக விழும். அடி வாங்கிய சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்கு எந்த ரோடும் பிடி கொடுக்காது. நான் இத்தனை நாள் எதைப் பார்த்துப் பயந்தேனோ அதுதான் எங்களைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தது.

எல்லா வண்டியும் இப்படிக் குனிவதில்லை என்பது பின்னால் எண்பதுகளில் தெரிந்தது. தெருவில் ஒருவர் வைத்திருந்த சின்ன வண்டியில் முன் சக்கரத்தை ஒரு குட்டை இரும்புக் கை தாங்கியிருக்கும். பிரேக் தட்டும் அந்தக் கையோடு சேர்ந்தே இருக்கும். லீவரைப் பிடித்தால் அது மூக்கை மேலே தூக்கும். அதில் ஏறச் சொன்னார்கள். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டேன்.

எண்ணெய் மாற்றியதோடு நான் விடவில்லை. குனிவதில் தப்பில்லை, சடக்கென்று குனிவதில்தான் தப்பு. பூட்டிக் கிடந்த ஒரு கோடவுனின் முற்றத்தில் மச்சானை ஓட்டிப் பழகச் சொன்னேன். லீவரை முதலில் பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். மூக்கு இறங்கி உட்கார வேண்டும். அப்புறம்தான் இறுக்க வேண்டும். வளைவாக இருந்தால் சாய்வதற்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். நிறைமாத வயிற்றோடு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தரம்" என்பேன். அவர் முறைத்துக்கொண்டே திரும்பப் போய் ஓட்டிக்கொண்டு வருவார். சுமைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இக்கா வண்டியெ நிஸ்காரம் படிப்பிக்கயாணோ?" என்று ஒருவர் கேட்டார். அண்ணா, வண்டிக்குத் தொழுகை சொல்லித் தருகிறீர்களா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானுக்குக் காது சிவந்தது. நான் அசையவில்லை.

இத்தனையும் செய்தது அவருக்காகத்தான். நான் அந்த வண்டியில் இனி ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பிரசவத்துக்குப் போக டாக்சிக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்தாயிற்று.

வலி வந்தது ஒரு பந்த் நாளில். கடை இல்லை, பஸ் இல்லை, படகு இல்லை. டாக்சிக்காரர், வண்டியை எடுத்தால் கண்ணாடியை உடைப்பார்கள் என்று கையை விரித்துவிட்டார். தண்ணீர்க்குடம் உடைந்து என் புடவை நனைந்திருந்தது. மழை வேறு. மச்சான் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதேன். அடுத்த வலி வந்து போனதும் கையை விட்டேன். முதல் தடவையாக இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். துப்பட்டியால் என்னை அவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

ஆளில்லாத ரோட்டில் எஞ்சின் சத்தம் மட்டும். பாலத்தில் ஏறும்போது ஒரு வலி. இறங்கும்போது இன்னொன்று. நான் நெற்றியை அவர் முதுகில் வைத்து அழுத்தியிருந்தேன்.

"புள்ளே, இறுக்கிப் பிடி" என்றார். தலையைத் தூக்கிப் பார்த்தேன். இறக்கத்தின் அடியில் ஒரு தென்னைமரத்தை ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள்.

இந்தப் பாலத்தில்தான் விழுந்தோம் என்று மட்டும்தான் நினைக்க முடிந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் பிள்ளை இருக்கிறது, இன்றைக்கு வெளியே வர வேண்டிய பிள்ளை. மூக்கு இறங்கத் தொடங்கியது. சடக்கென்று இல்லை, இறங்கியது, உட்கார்ந்தது. என் வயிறு அவர் முதுகில் சாய்ந்தது. அப்புறம் அவர் இறுக்கினார். டயர் முனகிக்கொண்டே ஈர ரோட்டைப் பிடித்தது. வண்டி கோணாமல் நேராகப் போய் மரத்துக்கு ஒரு கை இடைவெளியில் நின்றது. கொடியோடு நின்ற பையன்கள் அதட்ட வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் துப்பட்டியை அவிழ்த்து என்னைக் கீழே இறக்கினார்கள். மச்சான் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, முன்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியை மாற்றி நிறுத்தச் சொல்லி வாசல் காவல்காரர் கத்தினார்.

"கை வரமாட்டேங்குது புள்ளே" என்றார் மச்சான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வலது கை விரல்கள் பிரேக் லீவரின் மேல் விறைத்துப்போய் இருந்தன. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். இவ்வளவு நாளும் பயம் எனக்கு மட்டும் என்றும் அவர் பயமே அறியாத மடையர் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தன. பாவம், பாலத்தில் விழுந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார். வாய்விட்டு ஓதவும் அவருக்குத் தெரியவில்லை.

மதியம் லுஹர் பாங்குக்கு முன்னால் மகள் பிறந்தாள். பிறந்தவுடன் அழுதாள், நானும் அழுதேன். நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி மச்சானிடம் நீட்டினாள்.

"வேண்டாம் சிஸ்டரே, கை இன்னும் நடுங்குது. அவ பக்கத்துலயே வெச்சிருங்க" என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து, தொடாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.